காட்மனின் ‘தி ஷோல்டர்’: விழுந்து எழுந்தவர்களுக்கான ஒரு பழைய புத்தகமும் அதன் ஓட்டைகளும்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமா கோடு எழுதிப் பிழைப்பவன். தோள் வலிக்கு மருந்து தேடி வந்தவர்கள் இந்தப் பதிவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இது ஒரு புத்தக விமர்சனம். ஆனால் அந்தப் புத்தகம் பேசும் விஷயம் நாற்பது வயதுக்கு மேல் கீழே விழக்கூடிய எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது. அதாவது நம் எல்லோருக்கும்.

எர்னஸ்ட் அமோரி காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1934-ல் பாஸ்டனில் தன் சொந்தப் பொறுப்பில் அச்சடித்து வெளியிட்ட புத்தகம் ‘தி ஷோல்டர்’. தோள் என்ற ஒரே மூட்டைப் பற்றி, அதிலும் பெரும்பாலும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற ஒரே தசையின் நாண் அறுந்து போவதைப் பற்றி, தடிமனான ஒரு புத்தகம். தோள் மருத்துவர்கள் இன்றைக்கும் மரியாதையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். மரியாதை சரி. புத்தகத்தில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

காட்மன் (1869–1940) ஹார்வர்டில் படித்தவர். மாணவராக இருந்தபோதே நண்பர் ஹார்வி குஷிங்கோடு சேர்ந்து, ஈதர் மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பை அட்டையில் குறித்து வைக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். அறுவை அரங்கில் ‘லாக்’ எழுதுவதற்கு அதுதான் ஆரம்பம்னு சொல்லலாம்.

அவரைப் பிடித்து ஆட்டிய யோசனைக்குப் பெயர் ‘எண்ட் ரிசல்ட்’, அதாவது இறுதி விளைவு. ஒவ்வொரு நோயாளியையும், சிகிச்சை பலித்ததா இல்லையா என்று தெரியும்வரை பின்தொடர வேண்டும். பலிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதியதை ஊருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இன்றைக்கு நம்ம துறையில் ஒரு சர்வர் விழுந்தால் மறுநாள் எழுதுகிற அறிக்கை மாதிரி.

1911-ல் அவர் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கி இதைச் செய்தே காட்டினார். 1916 வரை 337 நோயாளிகள் அங்கிருந்து வீடு திரும்பினார்கள். அவர்கள் சிகிச்சையில் நடந்த 123 பிழைகளை அவரே பதிவு செய்து வெளியிட்டார். அறிவு போதாமல் நடந்ததா, கணிப்புத் தவறா, கவனக்குறைவா, கருவி இல்லாததாலா, நோயாளி மறுத்ததாலா என்று காரணவாரியாகப் பிரித்தும் வைத்தார்.

1914-ல், திறமையைப் பார்க்காமல் பணிமூப்பு வரிசையில் பதவி உயர்வு கொடுப்பதை எதிர்த்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையிலிருந்து விலகினார். 1915 ஜனவரியில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, டாக்டர்கள் பக்கம் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிற மாதிரி. அந்தக் கூட்டத்தை நடத்திய சங்கத்தின் தலைவர் பொறுப்பு அதோடு போயிற்று. நண்பர்கள் போனார்கள், வருமானமும் போயிற்று. தோள் புத்தகத்தின் முன்னுரையில் இதெல்லாம் வருகிறது. வருமானம் ஏறி இறங்கியதைக்கூட வரைபடமாகப் போட்டிருக்கிறார் மனிதர்.

முன்னுரையைப் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது ரொம்ப நீளமாகப் பட்டது. நியாயமான கோபம்தான், ஆனால் தோளைப் பற்றிப் படிக்க வந்தவனை ரொம்ப நேரம் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது.

புத்தகத்தின் இதயம்

உள்ளே போனால் நிலைமையே வேறு. முதலில் மூட்டின் அமைப்பு. தோள் மூட்டு ஒரு ஆழமில்லாத தட்டின் மேல் வைத்த பந்து மாதிரி. தட்டு தோள்பட்டை எலும்பில், பந்து மேற்கை எலும்பின் தலை. நாலு சிறு தசைகளின் நாண்கள் சேர்ந்து அந்தப் பந்தை ஒரு உறைபோலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இன்றைக்கு ரொட்டேட்டர் கஃப் என்கிறோம். வெளியே தெரிகிற டெல்டாய்ட் தசை கையைத் தூக்கும்போது பந்தை மேல்நோக்கி இழுக்கும். அந்த நேரத்தில் பந்து தட்டிலிருந்து ஓடாமல் பிடிப்பது இந்த உறையின் வேலை. மேல்பக்கம் இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் அறுந்தால் பிடி தளர்கிறது. டெல்டாய்ட் நன்றாகவே இருந்தாலும் கை சரியாக எழும்பாது.

இது எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு உடையவில்லை, மூட்டு விலகவில்லை. 1934-ல் எம்ஆர்ஐ கிடையாது, அல்ட்ராசவுண்ட் கிடையாது. காட்மனிடம் இருந்தது கண், கை, காது மூன்றும்தான். அதை வைத்து அவர் வரைந்த நோயாளியின் படம் இப்படிப் போகிறது: நாற்பது தாண்டிய உழைப்பாளி. விபத்துக்கு முன் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லை. திடீரென்று ஒரு விழுகை. அந்த நொடியே சுரீரென்று வலி. அன்றைக்கு ராத்திரி வலி தாங்கமுடியாத அளவுக்குப் போகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் போய்விட்டது. எக்ஸ்ரே சுத்தம்.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நோயாளியை இடுப்பிலிருந்து முன்னால் குனியச் சொல்கிறார். கை தளர்ந்து தொங்குகிறது. உடம்பு மடங்கிய நிலையில் பார்த்தால், கை தலைக்கு நேராக வந்துவிட்டது! தானாகத் தூக்க முடியாத அதே கை, புவியீர்ப்பு வேலையைச் செய்யும்போது தடையில்லாமல் போகிறது. அப்படியானால் மூட்டு இறுகவில்லை, பலம்தான் போயிருக்கிறது. செலவில்லாத ஒரு சோதனை, இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை அடித்துவிடுகிறது. நல்ல டீபக்கிங் என்பதும் இதேதான்.

எதிர்த்தரப்பில் இருக்கும் நோய்க்கு ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ என்று பெயர் வைத்தவரும் இதே காட்மன்தான், இதே புத்தகத்தில்தான். அதில் நோயாளி தூக்கினாலும் மேலே போகாது, மருத்துவர் பிடித்துத் தூக்கினாலும் போகாது. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் திரும்பாது. இரண்டுமே ‘கையைத் தூக்க முடியலை டாக்டர்’ என்ற ஒரே வாக்கியத்தோடு உள்ளே வருகின்றன. ஆனால் வைத்தியம் வேறு, காத்திருக்கக்கூடிய காலமும் வேறு.

இது ஏன் பழைய கதை இல்லை

என் டீமில் வேலை பார்க்கும் ஒருவர், வயது 47. மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்புல ஒண்ணும் இல்ல, சதை பிசகியிருக்கு’ என்று ஸ்லிங்கும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். வலி குறைந்தது, பலம் வரவில்லை. சட்டை மாட்டும்போது இடது கையால் வலது கையைத் தூக்கிவிட்டுக் கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது நாண் முழுசாக அறுந்து, முனை உள்ளே சுருங்கிப் போயிருந்தது. காட்மனின் பட்டியலை அவர் மேல் வைத்துப் பார்த்தேன். வயது, விழுகை, அன்றிரவு வலி, பலமிழப்பு, சுத்தமான எக்ஸ்ரே, வரிசையாக ஒத்துப்போகிறது. ஸ்கேன் இல்லாமலே முதல் வாரத்தில் சந்தேகப்பட்டிருக்க முடியும்.

முதல் வாரம் ஏன் முக்கியம்? அறுந்த நாண் அப்படியே காத்துக்கொண்டிருக்காது. தசை அதை உள்நோக்கி இழுக்கும். மாதங்கள் போகப் போக அந்தத் தசை மெலியும், தசைநார்களுக்கு நடுவே கொழுப்பு சேரும். அந்தக் கொழுப்புச் சேர்க்கை பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. தைத்தாலும் இழந்த பலம் முழுசாக வராது. அதனால்தான் விழுந்த பிறகு பலம் போன தோளை வாரக்கணக்கில் கணக்கு வைத்து நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அறுந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் தைக்க வேண்டும் என்று காட்மனும் அன்றைக்கே வாதாடினார்.

அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்கும் அவருடைய முறையும் நின்றிருக்கிறது. தோள் பரிசோதனைகள் இன்றைக்கு ஏகப்பட்டது இருக்கு, கண்டுபிடித்தவர் பெயரோடு. தனியாக எடுத்தால் அவற்றில் பல, காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் 2001-ல் மரெல், வால்டன் என்ற இருவர் லான்செட் இதழில் எழுதியதைப் பாருங்கள். சுப்ராஸ்பைனேட்டஸ் பலமிழப்பு, வெளிப்பக்கம் திருப்பும் பலமிழப்பு, கையை உயர்த்தும்போது இடிபடும் வலி, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், அல்லது 60 வயது தாண்டியவரிடம் ஏதாவது இரண்டு இருந்தால், கிழிசல் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம். தோள் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு அது, தெருவில் போகிறவர்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் காட்மனின் பாதை சரிதான் என்று காட்டுகிறது.

ஓட்டை ஒன்று: நல்ல தோள்கள் எங்கே?

இனி குறைகள். காட்மன் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் தொழிற்சாலை விபத்து, இழப்பீடு, இன்சூரன்ஸ் என்ற வழியாக வந்தவர்கள். எல்லோருக்கும் வலி இருந்தது, எல்லோருக்கும் விபத்து என்றொரு கதை இருந்தது. வலியே இல்லாதவர்களின் தோளுக்குள் என்ன இருக்கிறது என்று உயிரோடு இருப்பவர்களிடம் பார்க்க அவருக்கு வழி இல்லை. பிணங்களில் பார்த்தார். ஆனால் பிணத்திடம் ‘உனக்கு வலித்ததா’ என்று கேட்க முடியாதே.

அந்த விடை 1999-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. டெம்பல்ஹோஃப் குழுவினர், தோளில் தொந்தரவே இல்லாத 411 பேருக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 23 சதவீதம் பேருக்குக் கிழிசல். ஐம்பதுகளில் 13 சதவீதம், அறுபதுகளில் 20, எழுபதுகளில் 31, எண்பது தாண்டியவர்களில் 51. நரை விழுகிற மாதிரி நாணும் கிழிகிறது, பலருக்குத் தெரிவதே இல்லை.

இதன் விளைவு ரெண்டு பக்கமும் வெட்டும். 68 வயது மனிதர் விழுகிறார், ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்று வையுங்கள். அது அன்றைக்கு அறுந்ததா, பத்து வருஷமாக இருப்பதா? ஸ்கேன் படம் மட்டும் பதில் சொல்லாது. தசை ஏற்கனவே மெலிந்து கொழுப்பேறியிருந்தால் பழையது என்று சந்தேகிக்கலாம். விழுவதற்கு முந்தைய நாள் அந்தக் கையால் பரண் மேல் பெட்டி ஏற்றினாரா என்று கேட்டால் இன்னும் நல்ல தகவல் கிடைக்கும். ‘விபத்துக்கு முன் தொந்தரவு இல்லை’ என்ற வரியைக் காட்மன் பட்டியலில் வைத்தது சரி. ஆனால் தொந்தரவு இல்லை என்பதாலேயே கிழிசலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. புத்தகம் இந்த இடத்தில் தேவைக்கு மேல் உறுதியாகப் பேசுகிறது.

ஓட்டை இரண்டு: லாக் இருக்கிறது, ஒப்பீடு இல்லை

இது இன்னும் ஆழமான குறை. இறுதி விளைவைப் பதிவு செய்வது பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி தேறினார் என்பதை வைத்து, சிகிச்சையால்தான் தேறினார் என்று சொல்ல முடியுமா? ஃப்ரோஸன் ஷோல்டர் பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலத்தில் தானாகவே தளர்கிறது என்று சொன்னவரே காட்மன்தான். அப்படியானால் நடுவில் யார் என்ன செய்திருந்தாலும் இறுதி விளைவு அட்டையில் ‘குணமானார்’ என்றுதான் விழும். புது வெர்ஷன் போட்ட அன்றைக்கே டிராஃபிக்கும் குறைந்தது என்றால், வேகம் கூடியது எதனால் என்று லாக் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது இல்லையா, அது மாதிரி.

இந்த ஓட்டையின் விலை அவர் காலத்துக்குப் பிறகு தெரிந்தது. 1972-ல் சார்ல்ஸ் நீர் என்ற புகழ்பெற்ற தோள் நிபுணர், அக்ரோமியன் என்ற மேற்கூரை எலும்பு நாணை உரசுவதுதான் பிரச்சினை என்று சொல்லி அதைச் செதுக்கும் அறுவையை முன்வைத்தார். நோயாளிகள் தேறினார்கள். உலகம் முழுக்கப் பரவியது. வெறுமனே குழாய் விட்டுப் பார்ப்பதோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2018-ல்தான் லான்செட்டில் பிரிட்டனின் சீசா ஆய்வு வந்தது. 32 மருத்துவமனைகள், 313 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொன்றுக்குக் குழாய் விட்டு உள்ளே பார்த்ததோடு சரி, செதுக்கவில்லை. மூன்றாவதுக்கு ஒன்றுமே செய்யவில்லை. செதுக்கியதும் பார்த்ததும் ஒரே அளவு பலன். ஒன்றும் செய்யாதவர்களைவிட இரண்டும் லேசாக மேல், ஆனால் நோயாளிக்கு உறைக்கிற அளவு வித்தியாசம் இல்லை. அதே வருஷம் பின்லாந்தில் 210 பேரிடம் நடந்த ஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது.

குலுக்கல் முறை ஆய்வு பரவலானது 1940-களின் கடைசியில். அதைச் செய்யவில்லை என்று 1934-ன் புத்தகத்தைத் திட்டுவது நியாயம் இல்லை. ஆனால் இன்றைக்குக் காட்மனை ‘ஆதார மருத்துவத்தின் தந்தை’ என்று தூக்கி வைப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

ஓட்டை மூன்று: எல்லாம் சுப்ராஸ்பைனேட்டஸ்

கையில் சுத்தியல் பிடித்தவருக்கு எல்லாம் ஆணியாகத் தெரிகிற பிரச்சினை இங்கேயும் உண்டு. புத்தகத்தின் பாரம் ஒரே நாணின் மேல் விழுவதால், திடீர் தோள் காயத்தின் மற்ற முகங்கள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. புத்தகத்தை மட்டும் படிப்பவர்களுக்காக மூன்றைச் சேர்க்கிறேன்.

ஒன்று, வலிப்பு வந்தபின் அல்லது கரண்ட் ஷாக் அடித்தபின் தோள் வலி. பந்து பின்பக்கமாக விலகியிருக்கலாம். முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரே ஏறத்தாழ சரியாகவே தெரியும், தவறவிடுவது சுலபம். கை உள்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டு, வெளியே திரும்பவே மறுத்தால் அக்குள் கோணத்தில் இன்னொரு எக்ஸ்ரே வேண்டும்.

இரண்டு, முன்பக்கம் விலகிய மூட்டை உள்ளே தள்ளியபின் நாற்பது தாண்டியவருக்குக் கை எழும்பவில்லை என்றால், நாணும் அறுந்திருக்கலாம், தோளைச் சுற்றி ஓடும் ஆக்ஸிலரி நரம்பும் அடிபட்டிருக்கலாம். இருபது வயதுக்காரருக்கு முதல் கவலை மறுபடி விலகுவது. வயதானவருக்கு முதல் கவலை நாண்.

மூன்று, கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் தோள் பலம் இழக்கும். வலியால் தூக்க மாட்டேன் என்பதும், பலமே இல்லாமல் தூக்க முடியாததும் வெளியிலிருந்து ஒன்று போலவே இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி போனபின் கை எழும்புகிறதா என்று பார்ப்பது இதைப் பிரிக்க ஒரு வழி.

எதிர்த்திசைத் தவறு

இப்போது நான் இணையத்தில் அடிக்கடி பார்க்கும் வாதம்: ‘தோள் ஆபரேஷன் எல்லாம் வேஸ்ட், 2018-லயே நிரூபிச்சாச்சு.’ அந்த ஆய்வைத் திறந்து பாருங்கள். குறைந்தது மூன்று மாதமாக வலி இருந்தவர்கள், நாண் முழுசாக அறுந்திருக்காதவர்கள். நேற்று மாடிப்படியில் விழுந்து கை எழும்பாதவர் அதில் கிடையாது. 2014-ல் பின்லாந்தில் குக்கோனன் குழு, நாணைத் தைப்பதும் பிசியோவும் ஒரு வருஷத்தில் ஒரே அளவுதான் என்றது. அதுவும் 55 தாண்டியவர்களின், விபத்தில்லாமல் தேய்ந்து வந்த கிழிசல். விபத்தில் அறுந்த சின்னக் கிழிசல்களை ஸ்வீடனில் ரானபோ குழு 58 பேரிடம் பார்த்து 2020-ல் எழுதியது. ஒரு வருஷத்தில் தைத்தவர்களும் பிசியோ செய்தவர்களும் சமம். ஆனால் தைக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கிழிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தது.

ஆக, எல்லோரையும் தைக்கணும் என்பதும் தப்பு, யாரையும் தைக்க வேண்டாம் என்பதும் தப்பு. கிழிசல் எவ்வளவு பெரிது, புதுசா பழசா, வயது என்ன, அந்தக் கையால் என்ன வேலை, தசை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு. முடிவு எதுவானாலும் இரண்டாவது வாரத்தில் எடுப்பதற்கும் ஆறாவது மாதத்தில் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. காட்மனின் நோயாளிப் படம் உதவுவது அந்த முதல் வாரங்களில்தான்.

படிக்கலாமா?

படிக்கலாம், முழுக்க வேண்டாம். முன்னுரையைப் புரட்டுங்கள், ஆளின் குணம் புரியும். சுப்ராஸ்பைனேட்டஸ் அறுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். சிகிச்சை பற்றிய பகுதிகளை வரலாறாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது விழுந்து, எக்ஸ்ரே நார்மல் என்று வந்தும் பத்து நாள் ஆகிக் கை தானாக எழும்பவில்லை என்றால், மறுபடி டாக்டரிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘வலியால தூக்க முடியலையா, பலம் இல்லாம தூக்க முடியலையா? நாண் அறுந்திருக்கான்னு ஒரு அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா?’ எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1940-ல் இறந்த காட்மன், பாஸ்டன் பக்கத்து மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தார். 2014-ல்தான் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து கல் வைத்தன. சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று எழுதி வைத்து வெளியிடும் பழக்கம் மட்டும் இன்னும் பெரும்பாலான இடங்களில் வரவில்லை. அடுத்த முறை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது, ‘போன வருஷம் இதே ஆபரேஷன் செஞ்சவங்க இப்ப எப்படி இருக்காங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் எழுதினால் சேர்த்து வைக்கிறேன்.